பழைய ஸ்டேஷன் வேகன்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

இண்டிகோ மாரினா, பலேனோ ஆல்டுரா, கோர்சா ஸ்விங், ஆக்டேவியா காம்பி, இப்படிக் கூரை பின்கதவு வரை நீளும் ஸ்டேஷன் வேகன் ஒன்றை இன்னும் பெங்களூரில் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: முன்பாதிக்கு மெக்கானிக் கிடைப்பார், பின்பாதிக்குக் கிடைக்கமாட்டார். 2004ல் வந்த மாரினாவின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது இண்டிகோ செடான்தான், அதில் கை வைத்துப் பழகியவர் ஏரியாவுக்கு ஒருவராவது இருப்பார். பின்கதவு, அதற்குள் ஓடும் வயர், டெயில் லாம்ப் ரப்பர், மடக்கும் சீட்டின் கொக்கி என்று வந்தால் மட்டும் "வயசான வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வரும். அப்படியெல்லாம் இல்லை. பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியவை, அதனால் பின்பாதியை நிதானமாகவும் முன்பாதியைக் கொஞ்சம் வேகமாகவும் பார்க்கலாம்.

கையில் ஒரு மல்டிமீட்டர் (எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்), டார்ச், டயர் பிரஷர் கேஜ், ஸ்பானர் செட் இருந்தால் போதும். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம், ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மழைக்கு அப்புறம் உள்ளே ஈர வாடை

இதை ஸ்பிரே அடித்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். அடியில் தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கும், மேலே லாவெண்டர் மணக்கும். முதலில் எந்த இடம் ஈரம் என்று பாருங்கள். கால்மிதியைத் தூக்கி, கார்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு வரை கையை விட வேண்டும், ஏனென்றால் மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஊறிக் கிடக்கும்.

முன்சீட்டில் பக்கத்து ஆள் கால் வைக்கும் இடம், மழையில்லாத நாளிலும் ஏசி போட்டால் நனைகிறதா? ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும், சொட்டவில்லை என்றாலே சந்தேகப்படலாம். மெல்லிய பிளாஸ்டிக் டியூப்பைக் கீழிருந்து மெதுவாக விட்டு அடைப்பை எடுங்கள், கம்பியை விட்டுக் குத்தாதீர்கள்.

மழை நாளில் மட்டும் நனைகிறது என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்கார்ந்திருக்கும் அந்தக் கருப்பு பிளாஸ்டிக் ஜாலியைக் கழற்றுங்கள். மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால், இந்த ஊரில் மரத்தடியில் நிறுத்தாத வண்டி எது, குல்மோஹர் இலையும் தூங்குமூஞ்சி மரத்துப் பூவும் உள்ளே சேறாகி வடிகால் ஓட்டையை மூடியிருக்கும். வாரி எடுத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கடகடவென்று கீழே இறங்கிவிட வேண்டும். அந்த ஈரத்தில் இனிப்பான வாடையும் கொழகொழப்பும் இருந்து, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப்பசையோடு மங்கினால் அது மழைத்தண்ணீர் இல்லை, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி வேகனுக்கே உரிய இடம். ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வையுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் முழுக்கத் துடைத்துக் காயவிட்டு, டிக்கியின் பக்கவாட்டு லைனிங்கை விலக்கி, தெரிகிற தகட்டின் மேல் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொள்ள வேண்டும், வெளியே இருப்பவர் மக்கால் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும் வரிசை முக்கியம்: முதலில் பம்பர் மட்டம், பிறகு டெயில் லாம்ப், பிறகு கதவு ரப்பர், கடைசியில் கூரையின் கேரியர் ரெயில். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடம் பொறுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் பிடிபடாது. பவுடரில் மெல்லிய கோடு ஒன்று இறங்கும், அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஓட்டை கிடைக்கும். ஹோஸ் பைப் வேண்டாம், இரண்டு பக்கெட் போதும், போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ எதுவானாலும் சரி. 2024 கோடையில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இந்த ஊர்க் குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும்.

பெரும்பாலும் டெயில் லாம்ப் கேஸ்கெட்தான் காரணமாக இருக்கும். நட்டுகளைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்தால் பழைய ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். வேகனின் டெயில் லாம்ப் செடானுடையது இல்லை என்பதால் புதுக் கேஸ்கெட் ஜே.சி. ரோட்டில் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் தண்ணீர் குடிக்காத ஃபோம் டேப்போ பியூட்டைல் டேப்போ ஒட்டிவிடலாம். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகானைப் பூசாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். குழியின் அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு "தண்ணி தானா போயிடும்" என்று விடுகிறவர்களும் உண்டு. போகும்தான், கூடவே ரோட்டுத் தண்ணீர் உள்ளே வரும்.

மழையே இல்லாமல் பின்பக்கக் கூரைத் துணி நனைகிறதா? பின்கண்ணாடி வாஷர் குழாய் கூரை வழியாகத்தான் கதவுக்குப் போகிறது. இணைப்பு கழன்று, நீங்கள் வாஷரை அமுக்கும்போதெல்லாம் தண்ணீர் கூரைக்குள் பாய்கிறது.

பின்கதவு மின்சாமான் விட்டுவிட்டு வேலை செய்கிறது

நம்பர் பிளேட் விளக்கு ஒருநாள் எரிகிறது, ஒருநாள் இல்லை. பின்வைப்பர் பாதியில் நிற்கிறது. பின்கண்ணாடியின் பனியை விலக்கும் டீஃபாகர் செத்துவிட்டது. பல்பை மாற்றுகிறார்கள், ஃபியூஸை மாற்றுகிறார்கள், சில இடங்களில் மோட்டாரையே மாற்றிப் பில் போடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை: விளக்கைப் போட்டுவிட்டு பின்கதவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நடுவில் எங்காவது விளக்கு விட்டு எரிந்தால் கோளாறு பல்பில் இல்லை, கீல் பக்கத்தில் கூரைக்கும் கதவுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் அந்த ரப்பர் உறைக்குள் இருக்கிறது.

உறையின் ஒரு முனையை விரலால் நெம்பிக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளுங்கள். இத்தனை வருடம் கதவு ஏறி இறங்கியதில் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, வயரின் மேல்தோல் வெடித்து, உள்ளே செம்பு இழைகள் பச்சை பிடித்துத் தெரியும். சிலது முழுசாக அறுந்திருக்கும், சிலது ஒரு இழையில் தொங்கும், சிலது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மெதுவாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அதுவும் உள்ளே அறுந்ததுதான். எர்த் வயர் அறுந்திருந்தால் கூத்து வேறு மாதிரி இருக்கும், பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மினுக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். அறுந்த இடத்தில் அப்படியே முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அங்கேயே அறும். வளையாத பகுதி வரை பழைய வயரை வெட்டிவிட்டு, நடுவில் பல இழை உள்ள மெல்லிய வளையும் வயரைப் போட்டு சால்டர் வையுங்கள், மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப். எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வைத்தால் உறைக்குள் முண்டாகி நுழையாது, ஒவ்வொன்றையும் ஒரு அங்குலம் தள்ளி வையுங்கள். ஒரு வயரை முடித்த பிறகே அடுத்ததை வெட்டுவது நல்லது, நிறம் மங்கின வயர்களில் எது எதுவென்று பிறகு தெரியாது. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் இதை முன்னதாகவே முடித்துவிடுங்கள், அங்கே விளக்குகளையும் பார்ப்பார்கள்.

பின்கதவு நிற்காமல் இறங்குகிறது

கதவைத் தாங்கும் வாயுக் குழல், அதாவது கேஸ் ஸ்ட்ரட், தீர்ந்துவிட்டது. குச்சி முட்டுக்கொடுத்து ஓட்டாதீர்கள், கனமான கண்ணாடிக் கதவு அது, குழந்தை தலையில் விழுந்தால் விளையாட்டில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் கதவு கோணும். ஒரு ஆள் கதவைத் தாங்கிப் பிடிக்க, முனையில் உள்ள கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஸ்ட்ரட் கழன்றுவிடும். உங்கள் வண்டிக்கென்று கிடைக்காவிட்டால் பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் நீளம், முனையின் அமைப்பு, மேலே நியூட்டனில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய ஸ்ட்ரட்டை வெட்டவோ தீயில் போடவோ கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

புகை வாடை உள்ளே வருகிறது

வேகனின் பின்புறம் செங்குத்தாக வெட்டியதுபோல் முடிவதால் ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை பின்கதவை ஒட்டியே சுழலும். கதவு ரப்பரில் இடைவெளி இருந்தால் அது உள்ளே வந்துவிடும். நீளமான பொருளை ஏற்றி, கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தபடி ஓட்டினால் நேராகவே உள்ளே வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலைவலியும் தூக்கமும் வரும்போதுதான் தெரியும். அப்படி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ரப்பரைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். தளர்வாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டது அல்லது கதவின் கொக்கி சரிந்திருக்கிறது. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் சோதித்து, தளர்ந்த இடத்தில் சாக்பீஸ் குறி போடுங்கள். ரப்பர் சரியாக இருந்தும் வாடை வருகிறது என்றால் வண்டி ஆறியிருக்கும் காலையில் ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைக் கனத்த துணியால் சில நொடி லேசாக மூடிக் கேளுங்கள், ஓட்டை இருந்தால் வழியில் எங்காவது 'புஸ்' என்று சத்தம் வரும். இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் வேண்டாம்.

ஸ்பீட் பிரேக்கரில் பின்னால் தட தட

சஸ்பென்ஷன் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர், பின்டிரே எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு அதே தெருவில் அதே ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். சத்தம் நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் மடக்கும் பின்சீட்டின் கொக்கியைப் பாருங்கள், கொக்கி மாட்டும் கம்பியில் துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் பாதி வண்டிகளில் சத்தம் அடங்கிவிடும். அடுத்தது பின்கதவின் இரண்டு மூலையிலும் இருக்கும் ரப்பர் முட்டு, பல வண்டிகளில் அதைத் திருகி வெளியே எடுத்து உயரத்தைக் கூட்டலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஷாக் அப்சார்பர். அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் தீர்ந்தது. பின் மூலையை அமுக்கி விட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் அதுவும் அடையாளம். பின்பக்கம் ஒரு புறமாகச் சரிந்த மாதிரி தெரிந்தால் சமதரையில் நிறுத்திச் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, சூட்கேஸ், பாட்டி, எல்லாம் பின்னால் ஏறும் வண்டி இது. முழுச் சுமைக்கு என்று டயர் பிரஷர் தனியாக, முன்கதவு ஓரத்திலோ மேனுவலிலோ போட்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். பட்டன், அதாவது தரையில் படும் பள்ள வரி, எவ்வளவு இருந்தாலும் ஓரத்தில் வெடிப்பு விழுந்த பழைய டயரைச் சுமை ஏற்றி ஹைவேயில் ஓட்ட வேண்டாம். ஸ்டெப்னியின் வயதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சில்க் போர்டு டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறுகிறது

நிற்கும்போது ஏறி ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும், சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். நேர்மாறாக ஹைவேயில் ஏறி டவுனில் சரியாக இருந்தால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்கவில்லை. சூடு காட்டும் முள் எழும்பவே இல்லை, மைலேஜும் குறைகிறது என்றால் அதே தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் மெக்கானிக்கிடம் தலையாட்டாதீர்கள்.

ரேடியேட்டர் கேப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அமைப்பு அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை அதற்கு மேலே போகும், கேப்பின் ரப்பர் தேய்ந்துவிட்டால் அழுத்தம் போச்சு. சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், இந்த ஊர் போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு கெட்டிலில் படிவதுதான் ரேடியேட்டரிலும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் காலி. என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்நேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, வாசலின் தடவி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்.

புது பேட்டரியும் இரண்டு நாளில் இறங்குகிறது என்றால் வேகனில் முதல் சந்தேகம் டிக்கி விளக்கின் மேல். கதவை மூடினால் அணைகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். அடுத்த சந்தேகம் பேஸ்மெண்ட் எலி, வயர்த் தோலைக் கடித்திருக்கும், பானெட்டுக்கு அடியில் புழுக்கை கிடந்தால் விசாரணை முடிந்தது. டீசல் வண்டியில் கிராங்க் நன்றாகச் சுற்றியும் டிசம்பர்க் காலையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் ஹீட்டர் பிளக்.

பிரேக் பஞ்சுபோல் இறங்குகிறது

சேலம், நாமக்கல் பக்கம் ஊர் உள்ளவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் தெரியும். இங்கிருந்து போகும்போது அது இறங்கும் பக்கம், வண்டியும் நிறைந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், அந்த ஈரம் சூட்டில் ஆவியானால் பெடல் காலுக்கடியில் அமுங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், மூடியில் எந்த டாட் (DOT) எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். இறக்கத்தில் மூன்றாவது கியரில் வாருங்கள், பிரேக் மேலேயே கால் வைத்து வராதீர்கள்.

சில வேகன்களில் பின்சுமைக்கு ஏற்ப பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் ஆக்சிலோடு சின்னக் கம்பியால் இணைந்திருக்கும். அது துருவில் இறுகிவிட்டால் சுமை ஏற்றினாலும் பின்பிரேக் சரியாகப் பிடிக்காது. ஸ்டாண்டில் ஏற்றும்போது கம்பி அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சொன்னால்தான் பார்ப்பார்கள். ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகியிருக்கிறது.

பெட்ரோல் வாடை

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் 2023 ஏப்ரலில் இருந்து வரும் புது வண்டிகளில்தான் கட்டாயம். அதற்கு வெகுநாள் முன்னால் பிறந்த வண்டியின் ஃப்யூயல் ஹோஸ் அந்த எத்தனால் பட்டுக் காய்ந்து வெடிக்க வாய்ப்பு அதிகம். டேங்க் வாயிலிருந்து கீழே போகும் ரப்பர் பைப், என்ஜின் பக்கச் சின்ன ஹோஸ்கள், இரண்டையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தால் மாற்றுங்கள், வாடை பலமாக இருந்தால் மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

எந்த அறிகுறியும் இல்லை

டைமிங் பெல்ட்தான், என்ஜினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பெல்ட். இந்த வயது வண்டிகள் பலவற்றில் அது ரப்பர், அறுகிற நிமிடம் வரை சத்தம் போடாது. அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், அப்புறம் செலவு வண்டியின் விலையைத் தொடும். கிலோமீட்டர் கணக்கை மேனுவலில் பாருங்கள், குறைவாக ஓடிய வண்டிக்கு வருடக் கணக்கு உண்டு, ரப்பருக்கு ஓடாமல் நின்றாலும் வயதாகும். செகண்ட் ஹாண்டில் வாங்கி, விற்றவரிடம் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடுகிறது என்றால் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஒரே லேபரில் முடியும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.